கடிதத்தில் எழுதப்படாத வரி: இரண்டாம் உலகப்போர் மாலுமிகளின் சொல்லாத காதலைப் புரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்கக் குடும்பங்களில் பாட்டி இறந்தபின் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட கடிதக்கட்டு ஒன்று அகப்படுவது அரிதான செய்தியல்ல. எழுதியவர் தாத்தா அல்லர். பாட்டியோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் படித்து, பதினேழு பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்த வேறொரு பையன். கடிதங்களில் கப்பல் சாப்பாடு இருக்கும், மேல்தளத்தில் காட்டிய திரைப்படம் இருக்கும், ஊரில் யார் யாரைத் திருமணம் செய்துகொண்டார்கள் என்ற விசாரிப்பு இருக்கும். அன்பைச் சொல்லும் ஒரு வரி இருக்காது. 'உன் நண்பன்' என்று முடிந்திருக்கும். பிறகு ஒரு நாளோடு கடிதங்கள் நின்றிருக்கும்.

வாசிக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் குழப்பம் வருகிறது. ஒன்றும் இல்லையென்றால் இத்தனை கடிதங்கள் ஏன்? ஏதோ இருந்ததென்றால் ஒரு வரிகூட ஏன் இல்லை? இதைக் கூச்சம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கூச்சமும் இருந்திருக்கும். ஆனால் அந்த மௌனத்தின் பெரும்பகுதியை உருவாக்கியவை போர்க்கால அஞ்சல் முறை, கடற்படை ஒழுங்கு, சம்பளச் சட்டம், மரணத்தை அறிவிக்கும் நடைமுறை ஆகியவை. இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கடிதங்களை வாசிப்பவர் பாதியைத்தான் வாசிக்கிறார்.

முதலில் இரண்டு சொற்கள்

சொல்லாத காதலும் ஒருதலைக் காதலும் ஒன்றல்ல. நம் இலக்கண நூல்கள் கைக்கிளை என்று பெயரிட்டது ஒருதலைக் காமத்தை. அங்கே ஒருவரின் விருப்பத்துக்கு மறுபக்கத்திலிருந்து இசைவு கிடைப்பதில்லை. சொல்லாத காதலில் மறுபக்கம் கேட்கப்படவே இல்லை. அந்தப் பெண் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாமல் போயிருக்கலாம். ஆகவே அவளைக் கல்நெஞ்சக்காரியாகவோ அவனை ஏமாந்தவனாகவோ பார்ப்பது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

அடுத்தது தணிக்கை. இங்கே தணிக்கை என்பது நாளிதழ்ச் செய்தியை வெட்டுவதையல்ல, தனிமனிதரின் கடிதத்தை, உறையை ஒட்டுவதற்கு முன்பே இன்னொருவர் படிப்பதைக் குறிக்கிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த இன்னொருவரைப் பற்றியது.

கடிதத்தின் மூன்றாவது வாசகர்

போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் பணியாற்றிய சாதாரண மாலுமி எழுதிய கடிதத்தை அவரே ஒட்டி அனுப்ப முடியாது. உறையைத் திறந்தபடியே கொடுக்க வேண்டும். கப்பலின் அதிகாரிகளில் ஒருவர் அதைப் படிப்பார். வேண்டாத பகுதியை வெட்டுவார் அல்லது மையால் மறைப்பார். பிறகு 'கடற்படைத் தணிக்கையாளர் அனுமதித்தது' என்ற முத்திரையைக் குத்தித் தம் பெயரின் முதலெழுத்துகளை இடுவார். அதிகாரிகள் தங்கள் கடிதங்களுக்குத் தாங்களே கையெழுத்திட்டு அனுப்பினர். கரையிலுள்ள தணிக்கை நிலையம் அவற்றை எப்போதாவது திறந்து பார்க்கலாம் என்பதே அவர்களுக்கு இருந்த கட்டுப்பாடு. எனவே மனத்திலிருப்பதைத் தனிமையில் எழுதும் வசதி பதவியைப் பொறுத்தே அமைந்தது. சொல்லாத காதலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஏற்றத்தாழ்வைக் கவனிப்பதேயில்லை. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானதாகப் படுகிறது.

அந்த அதிகாரி எங்கோ இருக்கும் முகம் தெரியாத எழுத்தர் அல்லர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபிளெட்சர் வகை டெஸ்ட்ராயர் போர்க்கப்பலின் நீளம் சுமார் 115 மீட்டர். அதற்குள் ஏறத்தாழ 330 பேர் உண்டு உறங்கி வேலை செய்தனர். இன்று இரவு உங்கள் கடிதத்தைப் படித்தவர் நாளைக் காலை உங்கள் பணியை மேற்பார்வையிடுவார். மனைவிக்கு எழுதுகிறவருக்கு இதில் அவ்வளவு சங்கடமில்லை. மனைவியிடம் அன்பு சொல்வது எதிர்பார்க்கப்பட்ட செயல், அவளுக்கு அது புதிய செய்தியுமல்ல. தோழிக்கு முதன்முதலாகத் தன் மனத்தைத் திறக்க நினைக்கிறவரின் நிலை வேறு. அவள் படிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்த வரியை அவருடைய மேலதிகாரி படித்துவிடுவார். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சொல்லக்கூடிய சொல்லை அதற்குரியவருக்கு முன்பாக வேறொருவரிடம் கொடுப்பதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

தடைசெய்யப்பட்டவற்றின் பட்டியலும் நீளமானது. கப்பல் இருக்கும் இடம், போகும் திசை, சேரும் நாள், பட்ட சேதம், உடனிருந்தவர்களின் மரணம், ஆயுதங்கள் ஆகிய எதையும் எழுதக்கூடாது. கடல்மேல் நிலவும் வானிலைகூட இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் அதுவும் ஆபத்தானது. சங்கேத மொழி எந்த வடிவிலும் கூடாது. சந்தேகம் எழுந்தால் முத்தக்குறியாகக் கடித முடிவில் இடப்படும் எக்ஸ் எழுத்துகளைக்கூடத் தணிக்கையாளர் அடித்துவிடுவார். நாட்குறிப்பு எழுதுவதற்கும் தடை இருந்தது. கப்பல் பிடிபட்டாலோ மூழ்கி மிதவைப்பொருள்கள் எதிரியிடம் சிக்கினாலோ அதிலிருந்து தகவல் போய்விடும் என்பதே காரணம்.

இப்படிக் கழித்துப் பார்த்தால் எழுத மிஞ்சுவது என்ன? சாப்பாடு, திரைப்படம், ஊர் விசாரிப்பு. வெறுமையாகத் தோன்றும் கடிதங்கள் வெறுமையான மனத்திலிருந்து வந்தவை என்று முடிவுகட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

முகவரியும் ஒரு சுவர்தான். கப்பலுக்கு எழுதும் கடிதம் 'கடற்படை அஞ்சலகம், சான் பிரான்சிஸ்கோ' அல்லது 'கடற்படை அஞ்சலகம், நியூயார்க்' என்ற முகவரிக்குப் போகும். சான் பிரான்சிஸ்கோ என்றால் பசிபிக், நியூயார்க் என்றால் அட்லாண்டிக். ஊரிலிருந்த தோழிக்குத் தெரிந்திருக்கக்கூடிய நிலவியல் பெரும்பாலும் அவ்வளவே.

விரைந்து சென்றது, ஆனால் இன்னும் பல கண்கள் வழியே

1942 ஏப்ரல் முதல் படையினர் தபால்தலை ஒட்டாமலேயே கடிதம் அனுப்பலாம். தலை ஒட்டும் இடத்தில் 'இலவசம்' என்று கையால் எழுதினால் போதும். அதே ஆண்டு ஜூன் 15இல் வி-மெயில் என்னும் முறை தொடங்கியது. குறிப்பிட்ட படிவத்தில் எழுதிய கடிதத்தை மைக்ரோஃபிலிமில் படம்பிடித்து, சுருளை விமானத்தில் அனுப்பி, சேருமிடத்தில் சிறிய அளவில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். ஒரு பக்கக் கடிதங்கள் 1.5 லட்சத்தைக் கொண்டுபோக 37 அஞ்சல் மூட்டைகள் தேவைப்பட்ட இடத்தில் ஒரு மூட்டை போதுமானதாயிற்று. 2,575 பவுண்டு எடை 45 பவுண்டாகக் குறைந்தது.

போருக்கு இது பெரிய உதவி. காதலுக்கு அவ்வளவு உதவியில்லை. காகிதத்தின் மணம், கையெழுத்தின் அழுத்தம், உள்ளே வைத்த உலர்ந்த பூ எதுவும் போகாது. பெண்கள் படிவத்தில் உதட்டுச்சாயத்தால் முத்தமிட்டு அனுப்பினர். அந்தச் சாயம் படம்பிடிக்கும் இயந்திரங்களில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுத்ததால், பணியாளர்கள் அதற்குச் 'செந்நிறக் கொள்ளைநோய்' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்திருந்தனர். முத்தத்தைத் தடுத்தது இயந்திரம் என்றாலும், அந்தப் படிவம் எத்தனை கைகளின் வழியே போனது என்பதையும் இந்தச் சிறு செய்தி சொல்லிவிடுகிறது.

சொன்னால் அடுத்து என்ன?

காதலைச் சொல்வது ஒரு சொல்லோடு முடியாது. அக்காலத்துச் சிற்றூர்களில் அதற்கு அடுத்த படி நிச்சயம், அதற்கடுத்தது திருமணம். போர் அந்தப் படிகளின் இடைவெளியைச் சுருக்கிவிட்டது. விடுப்பில் வரும் சில நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் பேர் அப்படித் திருமணம் செய்துகொண்டார்கள். செய்யாதவர்கள் போட்டிருக்கக்கூடிய கணக்கு இது:

1. தொடக்கநிலை மாலுமியின் அடிப்படைச் சம்பளம் 1942இல் மாதம் 50 டாலர். அந்த ஆண்டு வந்த குடும்பப்படிச் சட்டத்தின்படி, மனைவிக்கு மாதம் 50 டாலர் கிடைக்கும். அதில் 22 டாலர் கணவனின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும், 28 டாலரை அரசு கொடுக்கும். பெற்றோருக்கும் பணம் அனுப்ப வேண்டியிருந்த இளைஞனுக்கு இது கனமான பிடித்தம்.

2. திருமணமாகிக் கணவன் இறந்தால் இருபது வயதில் அவள் கைம்பெண். சொல்லாமலிருந்தால் அவள் ஓர் இளமைக்கால நண்பனை மட்டுமே இழந்தவள். 'அவள் என்னால் துன்பப்படக்கூடாது' என்பது சாக்குப்போக்காகவும் இருக்கலாம், உண்மையான அறமாகவும் இருக்கலாம். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது.

3. சொல்லி அவள் மறுத்துவிட்டால் நட்பும் போய்விடும். கரையில் இருப்பவனுக்கு அது ஒரு வருத்தம். கடலில் இருப்பவனுக்கு மாதத்தில் ஓரிரு முறை பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் தருணமே இல்லாமல் போகும். அஞ்சல் வந்து சேர்ந்து பெயர்களை வாசிக்கும் நேரத்தில் தன் பெயர் வராமல் நிற்பவனுக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும்.

இந்த மூன்றாவது காரணமே வலிமையானது என்று நான் கருதுகிறேன். இளமைக்காலத் தோழி அவனுக்குக் காதலியாகக்கூடிய ஒருத்தி மட்டுமல்லள். போருக்கு முன்பு தான் யாராக இருந்தோம் என்பதற்கு அவளே சாட்சி. சிறுவயதில் ஆற்றில் விழுந்ததையும் ஆசிரியரிடம் அடிபட்டதையும் அறிந்தவள் அவள்தான். அந்தச் சாட்சியைப் பணயம் வைத்து ஒரு கேள்வியைக் கேட்பதற்குத் துணிவு வராமலிருந்தால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

சட்டத்தின் பட்டியலில் தோழி இல்லை

சொல்லாத காதலுக்குப் பின்விளைவு உண்டு. அது மரணத்தின்போது தெரிந்தது.

கடற்படை மரணச் செய்தியைத் தந்தியில் அறிவித்தது 'நெருங்கிய உறவினர்' என்று பதிவான ஒருவருக்கு மட்டுமே. மணமானவருக்கு மனைவி, மற்றவருக்குப் பெற்றோர். இளமைக்காலத் தோழிக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. தாயாருக்கே செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதற்கு ஜூனோ கப்பல் சான்று. 1942 நவம்பர் 13இல் சாலமன் தீவுகளுக்கருகே அது மூழ்கியபோது 687 பேர் இறந்தனர். அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரைச் சேர்ந்த சல்லிவன் குடும்பத்தின் ஐந்து மகன்களும் அதில் இருந்தனர். ஊரில் வதந்தி பரவியதும், தாயார் அலெட்டா சல்லிவன் தாமே கடற்படைக்குக் கடிதம் எழுதி உண்மையைக் கேட்டார். 1943 ஜனவரியில்தான் கடற்படையினர் வீட்டு வாசலுக்கு வந்து சொன்னார்கள். ஐந்து மகன்களை இழந்தவளுக்கே இரண்டு மாதம் என்றால், அடுத்த தெருப் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

இண்டியானாபொலிஸ் கப்பல் 1945 ஜூலை 30இல் மூழ்கியது. அதிலிருந்த சுமார் 1,195 பேரில் பிழைத்தவர்கள் 316 பேர். செய்தி பொதுவில் வெளியானது ஆகஸ்ட் 14இல், ஜப்பான் சரணடைந்ததை நாடே கொண்டாடிய அதே வேளையில். தெருவில் மணியடிக்கும்போது சில வீடுகளுக்குத் தந்தி வந்தது. தந்தி வராத வீடுகளில் இருந்த தோழிகள், நாளிதழில் பெயர்ப்பட்டியலைப் பார்த்தோ, தாங்கள் எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தபோதோ அறிந்துகொண்டார்கள்.

காணாமல் போனவர்களின் நிலை இன்னும் கொடியது. 1942 மார்ச்சில் வந்த காணாமல்போனோர் சட்டத்தின்படி, உடல் கிடைக்காத, சாட்சியும் இல்லாத மாலுமியைப் பன்னிரண்டு மாதம் கடந்தபின் இறந்தவராகக் கருதி முடிவு செய்யலாம். அந்த ஓராண்டும் குடும்பத்துக்கு அலுவலகக் கடிதங்களாவது வந்துகொண்டிருந்தன. தோழிக்கு அதுவும் இல்லை. மாலுமியின் தாயிடம் போய் 'ஏதாவது தெரிந்ததா' என்று கேட்க வேண்டும். எந்த உரிமையில் கேட்பது என்ற தயக்கம் கேட்பவளுக்கு இருந்திருக்கும்.

எனக்கு இவற்றையெல்லாம் விடக் கூர்மையாகத் தோன்றுவது காப்பீட்டு விதி. 1940இல் தொடங்கிய படையினர் ஆயுள் காப்பீட்டில் அதிகபட்சமாக 10,000 டாலர் வரை எடுக்கலாம். ஆனால் நாமினியாக யாரை வேண்டுமானாலும் எழுத முடியாது. வாழ்க்கைத்துணை, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் மட்டுமே. விரும்பியவரை நியமிக்கலாம் என்ற திருத்தம் 1946 ஆகஸ்டில் வந்தது, போர் முடிந்து ஓராண்டு ஆனபின். அதாவது, வாயால் சொல்லாத அன்பைப் படிவத்தில் ஒரு பெயராகவாவது எழுதிவைக்கலாம் என்று நினைத்த மாலுமிக்கும் போர் நடந்த ஆண்டுகளில் வழியில்லை.

சொற்கள் தப்பிப் பிழைத்த ஓர் இடம்

சொல்லாத காதலுக்கு நேரடிச் சான்று கிடைப்பது அதன் இயல்பினாலேயே அரிது. ஐயத்துக்கு இடமின்றிப் பதிவான ஒரு நிகழ்வு போரின் எதிர்த்தரப்பில், ஜப்பானில் இருக்கிறது. அதில் வரும் இளைஞர் மாலுமியல்லர், தரைப்படையின் விமானி. ஆனாலும் மேலே சொன்ன மௌனத்தின் அமைப்பு முழுவதையும் அங்கே ஒரே மனிதரிடம் காணலாம்.

உவேஹாரா ரியோஜி 1922இல் நாகானோ மாகாணத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். கெயோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். மாணவர்களுக்கு இருந்த படைச்சேவை ஒத்திவைப்பை 1943இல் அரசு நீக்கியபோது படையில் சேர்க்கப்பட்டார். அவருடைய இரண்டு அண்ணன்மாரும் படை மருத்துவர்கள்; அவர்களில் ஒருவர் கடற்படையில், 1943இல் தம் நீர்மூழ்கிக் கப்பலோடு மறைந்தவர். 1945 மே 11இல் ரியோஜி, சிரான் விமானத் தளத்திலிருந்து ஒகினாவாவை நோக்கித் திரும்பிவராத தாக்குதலுக்குப் பறந்தார். வயது 22. முந்தைய இரவில் அவர் எழுதிய குறிப்பு, சர்வாதிகார நாடுகள் தோற்பது உறுதி, நாளை சுதந்திரத்தை நம்பும் ஒருவன் உலகை விட்டுப் போகிறான் என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னது.

அரசியலைப் பற்றி இவ்வளவு துணிவாக எழுதியவர் ஒன்றை மட்டும் மறைத்து எழுதினார். வீட்டில் அவர் விட்டுச்சென்ற நூல்களில், இத்தாலியத் தத்துவ அறிஞர் பெனெடெட்டோ குரோச்சேயைப் பற்றிய நூல் ஒன்று இருந்தது. அதன் பக்கங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில எழுத்துகளைச் சுற்றி வட்டமிட்டிருந்தார். வட்டமிட்ட எழுத்துகளை வரிசையாகச் சேர்த்தால் இளமைக்காலத் தோழி ஒருத்தியின் பெயரும் அவளுக்கான விடைபெறலும் வரும். அவளை விரும்பியதாகவும், அப்போது அவள் வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்ததால் துன்புற்றதாகவும், அவளுடைய நல்வாழ்வை எண்ணிக் காதலைச் சொல்வதைக் கைவிட்டதாகவும், இருப்பினும் எப்போதும் அவளை நேசிப்பதாகவும் அந்த எழுத்துகள் சொல்கின்றன.

இதில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. அச்சிட்ட பக்கத்தில் எழுத்துகளைக் குறியிட்டுச் செய்தி அனுப்புவது ஒற்றர்களின் பழைய முறை. அஞ்சல் தணிக்கையாளர்கள் தேடித் தேடிப் பார்த்த குறிகளில் அதுவும் ஒன்று. ஓர் இளைஞனின் மனத்துக்கு ஒற்றனின் கருவி தேவைப்பட்டது. இன்னொன்று, அவர் அதை அஞ்சலில் சேர்க்கவில்லை. எந்தத் தணிக்கையாளரின் கண்ணிலும் படாமல், நிச்சயிக்கப்பட்ட பெண்ணின் கைக்கும் போகாமல், வீட்டு அலமாரியில் வைத்தார். சொல்லவும் வேண்டும், அவள் அறிந்து கலங்கவும் கூடாது என்ற இரண்டு விருப்பங்களும் அந்த வட்டங்களில் ஒருசேர நிறைவேறின.

பழைய கடிதக்கட்டை வைத்திருப்பவர் பார்க்க வேண்டியவை

இவ்வளவையும் தெரிந்துகொண்டு மாலுமியின் கடிதங்களுக்குத் திரும்பினால், சொற்களுக்கு வெளியே சில தடயங்கள் தெரியும்.

1. உறையின் முத்திரையும் முதலெழுத்துகளும். தொடர்ந்து ஒரே அதிகாரியின் கையெழுத்து இருந்தால், எழுதியவருக்குத் தம் வாசகர் யாரென்று தெரிந்திருக்கும். அதிகாரி மாறிய பிறகு கடிதத்தின் தொனி மாறுகிறதா என்று பாருங்கள்.

2. எண்கள். கடிதங்கள் முன்பின்னாக வந்து சேர்ந்ததால் பலர் மேல்மூலையில் வரிசை எண் இட்டனர். இது பெரும்பாலும் மனைவிக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறவர்களின் பழக்கம். தோழிக்கு எழுதிய கடிதத்தில் 60, 61 என்று எண் இருந்தால், அவர் ஒன்றும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தார் என்று பொருள்.

3. எதைக் கேட்கிறார் என்பது. தம்மைப் பற்றி எழுதத் தடை இருந்தது. அவளைப் பற்றிக் கேட்கத் தடையில்லை. அவளுடைய வேலை, அவள் வீட்டு நாய், அவள் போகும் வழியிலுள்ள மரம் என்று கேள்விகள் நுணுகிக்கொண்டே போனால், சொல்ல முடியாதது கேள்வியாக மாறியிருக்கலாம்.

4. கையெழுத்துக்கு மேலே அடித்துத் திருத்தியது. அடித்தது தணிக்கையாளரின் மையா, எழுதியவரின் மையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரியும்.

எச்சரிக்கையும் தேவை. படையினருக்குக் கடிதம் எழுதுங்கள் என்று பெண்களை அரசும் இதழ்களும் ஊக்கப்படுத்திய காலம் அது. ஒரே மாலுமி நான்கைந்து பெண்களுக்கு எழுதியதுண்டு, தனிமையில் எழுதியதுண்டு, பதில் வேண்டும் என்பதற்காகவே எழுதியதுண்டு. மேலே சொன்ன தடயங்கள் ஒன்றிரண்டு இருப்பதாலேயே காதல் என்று தீர்ப்பெழுதக்கூடாது. நினைவிலிருக்க வேண்டிய இன்னொரு குறையும் உண்டு. நம் கையில் இருப்பவை அவர் எழுதியவை மட்டுமே. அவள் எழுதியவற்றை அவர் தம் பெட்டியில் வைத்திருப்பார். கப்பல் மூழ்கியிருந்தால் அவையும் உடன் போயிருக்கும். உரையாடலில் ஒரு குரல் மட்டும் நமக்குக் கேட்கிறது.

ஆகவே உறையைக் கடிதத்திலிருந்து பிரித்து வைக்காதீர்கள். தேதி வரிசைப்படி அடுக்கி, எண்கள் விடுபட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டின் அடியில் அவளுடைய கையெழுத்தில் முகவரி எழுதி, பிரிக்கப்படாமல் திரும்பிவந்த உறை ஒன்று இருந்தால், அதைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பத்தார் கூடிப் பேசி முடிவு செய்யட்டும். வாழ்நாள் முழுவதும் அவள் அதைத் திறக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை.